பெயரையும் பாலையும் துறந்தவர்

ஆண், பெண் என்ற பகுப்புக்கு வெளியே நிற்கும் தன்னடையாளம் நம் காலத்துப் புதுமை என்று பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்டு வரலாறு அதை மறுக்கிறது. அங்கே 1752-இல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்த ஜெமைமா வில்கின்சன், 1776 அக்டோபரில் கடுங்காய்ச்சலில் விழுந்தார். பிழைத்து எழுந்தவர், ஜெமைமா இறந்துவிட்டதாகவும், ஆணும் பெண்ணும் அல்லாத ஓர் ஆவியை இறைவன் அந்த உடலில் அனுப்பியிருப்பதாகவும் அறிவித்தார். பழைய பெயரைக் கைவிட்டு, ‘பப்ளிக் யுனிவர்சல் ஃபிரெண்ட்’, அதாவது அனைவருக்கும் பொதுவான நண்பர், என்ற பெயரில் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். அடியார்கள் மேற்கு நியூயார்க்கில் ஜெருசலேம் என்ற குடியிருப்பை அமைத்தார்கள்.

பெண்ணுக்கு மறுக்கப்பட்ட மேடையைப் பிடிக்கும் உத்தி இது என்று சிலர் வாதிடலாம். ஆனால் குவேக்கர்கள் அதற்கு முன்பே பெண்களைப் பிரசங்கிக்க அனுமதித்தவர்கள். மேடைக்காகப் பாலைத் துறக்கத் தேவையே இல்லை. உத்தி என்றால், 1819-இல் இறக்கும்வரை நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அதைத் தளராமல் காத்து வந்திருக்கவும் முடியாது. இன்றைய சொற்களை அன்றைய மனிதர்மேல் ஏற்றக்கூடாது என்ற மறுப்பு நியாயமானது. நண்பருக்கு அது சமய அனுபவம். அப்படியே அதை மதிப்போம். ஆயினும் சொல் பிறக்கும் முன்பே வாழ்க்கை இருந்தது. அடியார் பலர் ‘அவன்’, ‘அவள்’ இரண்டையும் தவிர்த்து ‘நண்பர்’ என்றே எழுதினார்கள். தமிழின் ‘அவர்’ இயல்பாகத் தரும் அந்த மரியாதையை, ஆங்கிலத்தில் அவர்கள் முயன்று தந்தார்கள்.