விலாசத்தில் இல்லாத பெயர்கள்

செட்டிநாட்டில் ஒரு வீட்டை அதன் விலாசத்தைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள். பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாகச் சேர்த்தது விலாசம். கடல் கடந்த வட்டிக்கடைக்கும் அதுவே பெயர். அந்த எழுத்துகளில் பெண்ணின் எழுத்துக்கு இடமில்லை. வீட்டின் வரலாறும் இப்படித்தான் சொல்லப்படுகிறது: பர்மாவுக்குப் போனார், பொருள் ஈட்டினார், தேக்கு கொண்டுவந்தார், வீடு கட்டினார். எல்லா வாக்கியத்துக்கும் எழுவாய் ஆண்.

வீட்டுக்குள் நடந்து பார்த்தால் வேறொரு வரலாறு தெரியும். ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடு அது. முன்னால் திண்ணையும் முகப்பும் ஆண்களின் வியாபாரத்துக்கும் கணக்குக்கும். அதைத் தாண்டினால் வளவு. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. பின்கட்டில் சமையலும் சாமான்களும் பெண்களும்.

ஒரு கணவன் மனைவியை ‘ஒரு புள்ளி’ என்று கணக்கிடுவது நகரத்தார் வழக்கு. கோயில் வரிகூடப் புள்ளிக் கணக்கில்தான். மகனுக்கு மணமானதும் ‘வேறு வைப்பது’ இன்னொரு வழக்கம். புதுத் தம்பதிக்குத் தனி அடுப்பு. செலவுக்கு அளந்து கொடுக்கும் பங்கு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பெரிய கூட்டுக் குடும்பம். உள்ளேயோ ஒரே கூரைக்குக் கீழ் பல அடுப்புகள். ஆண்கள் கொண்டுவிற்கப் போனால் திரும்பிவரப் பெரும்பாலும் மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த அடுப்பு ஒவ்வொன்றையும், பிள்ளைகளையும், கல்யாணம், கருமாதி, மொய் வரவுசெலவையும் நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். இதைத் தொழில் என்று எந்தக் கணக்கேடும் பதிந்ததில்லை.

கணக்கேட்டில் அவர்கள் வேறொரு வகையில் இருந்தார்கள். மணமாகும்போது பெண்ணுக்குத் தரும் சீதனப் பணத்தை உறவினர் கடைகளில் வட்டிக்குப் போட்டுவைப்பார்கள். ‘ஆச்சிமார் பணம்’ என்றே அதற்குப் பெயர். ரங்கூனிலும் மோல்மேனிலும் கடனாகச் சுழன்ற முதலில் இந்தப் பணமும் உண்டு. அந்த வட்டிக்கடைகளின் லாபத்தில் எழுந்த வீடுகளில் பெண்களுக்குப் பங்கு உண்டா? பிறந்த வீட்டுச் சொத்து ஆண் வாரிசுகளுடையது. புகுந்த வீட்டில் இருக்க இடம் உண்டு, அதுவும் கணவர் வழியாக.

அந்த லாபத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறியது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1937இல் 25 சதவீதமானது. நிலம் இழந்த வீடுகளிலும் பெண்கள் இருந்தார்கள். இங்கே வளவைக் கூட்டித் துடைத்து, பாத்திரம் விளக்கிய பெண்களும் இந்த வீட்டின் வரலாற்றில் இல்லை.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தது. 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. கடலுக்கு அப்பாலிருந்த சொத்து போனது; வீடு மிஞ்சியது, வீட்டுச் சாமான் மிஞ்சியது. இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருக்கும் பித்தளை அண்டாக்களிலும் எனாமல் தூக்குகளிலும் பல, பெண்கள் சீராகக் கொண்டுவந்தவை. குடும்பம் நொடித்தபோது முதலில் விலைபோகக்கூடியவை பெண்களின் பொருள்கள்தான். தூணை விற்க எல்லாப் பங்காளிகளும் சம்மதிக்க வேண்டும். அண்டாவுக்கு அந்தத் தடை இல்லை.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளையும் வாரிசாக்கியது. ஆனால் அதன் 23ஆம் பிரிவு குடும்பம் வசிக்கும் வீட்டை மட்டும் தனியாக ஒதுக்கியது: ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை மகள் பாகம் கேட்க முடியாது. அங்கே வசிக்கும் உரிமையும் மணமாகாத, கைவிடப்பட்ட, கணவரைப் பிரிந்த, கைம்பெண்ணான மகளுக்கு மட்டும்தான். அதாவது, வாழ்க்கை நொறுங்கினால்தான் பிறந்த வீட்டில் இடம். 1989இல் தமிழ்நாடு மகள்களைப் பங்காளிகளாக்கியது. அதற்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டது. 2005இன் திருத்தம்தான் அந்த வேறுபாட்டையும் 23ஆம் பிரிவையும் நீக்கியது. தந்தை அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, பிறப்பாலேயே மகளுக்குப் பங்கு உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

சட்டம் வந்த பிறகு விடுதலைப் பத்திரம் வந்தது. “அண்ணன் தம்பிகிட்டப் போய்ப் பங்கு கேக்கவா?” என்ற ஒரே கேள்வியில், தாய்வீட்டு உறவைக் காப்பாற்றிக்கொள்ளப் பெண்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். செட்டிநாட்டில் மட்டுமல்ல, நம் வீடுகளிலும்தான்.

பழைய வீடுகளைப் பார்க்கப் போகும் மாணவிகள் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் பாருங்கள். பிறகு பின்கட்டுக்குப் போய், இங்கே எத்தனை அடுப்பு எரிந்தது என்று கேளுங்கள். திரும்பி வந்ததும், உங்கள் வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்.