சிறகு முளைத்த குதிரை

தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ நபி (ஸல்) அவர்கள் மதீனா திரும்பியிருந்த நேரம். எந்தப் போர் என்பதில் அறிவிப்பாளருக்கே ஐயம் உண்டு. வீட்டில் நடந்ததில் ஐயமில்லை. காற்று வீசி, மாடத்தை மறைத்திருந்த திரை விலகியது. உள்ளே அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகள் இருந்தன. நடுவே ஒரு குதிரை. அதற்குக் கந்தல் துணியில் இரு சிறகுகள். குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் வினவ, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியும்படி நபியவர்கள் சிரித்தார்கள். அபூதாவூதில் இடம்பெறும் செய்தி இது.

எங்கோ செவிவழி வந்த ஒரு கதை, கந்தல் துணியாகிக் குதிரையின் முதுகில் ஏறியிருக்கிறது. கேட்டதைக் கைகளால் செய்து பார்த்து, பின்பு அதையே சான்றாக நிறுத்தி வாதிடவும் செய்கிறார்கள் அன்னையார். பிற்காலத்தில் மூத்த நபித்தோழர்களும் ஐயம் தீர்க்க நாடி வந்த ஆசிரியர், 2,210 ஹதீஸ்களின் அறிவிப்பாளர், அவர்கள்தாம். விளையாட வந்த தோழியர் நபியவர்களைக் கண்டு ஒளிந்துகொள்ளும்போது, அவர்களைத் திரும்ப அனுப்பி விளையாடச் செய்தார்கள் என்று புகாரியும் பதிவு செய்கிறது. பெருநாள் அன்று பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாட்டு நடத்தியபோது, அன்னையாருக்குப் போதும் என்று தோன்றும்வரை நபியவர்கள் நின்று காட்டினார்கள். உருவங்கள் விஷயத்தில் கண்டிப்பான ஃபிக்ஹு அறிஞர்களிலும் பலர், இச்செய்திகளைக் கொண்டே சிறுமியரின் பொம்மைகளுக்கு விலக்களித்தனர்.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் வளர்த்த சிறு பறவை இறந்துபோனது. வாடியிருந்த அச்சிறுவனிடம், அவன் பெயரோடு எதுகை சேரும்படி, பறவை என்னவாயிற்று என்று நபியவர்கள் விசாரித்தார்கள். இத்தகைய அற்பச் செய்திகளையெல்லாம் சுமந்து திரிகிறார்களே என்று ஹதீஸ் கலையினரைச் சிலர் எள்ளினர். ஹிஜ்ரி 335இல் மறைந்த தபரிஸ்தானத்து ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் அதற்கு விடையாகத் தனி நூலே எழுதி, அந்த ஒரு செய்தியிலிருந்து அறுபது பயன்களை எடுத்துக் காட்டினார். குழந்தையின் பறவை என்பது அவருக்கு அற்ப விஷயமாகப் படவில்லை.

இதை ஒரு கல்விக் கொள்கையாகவே சொன்னவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111). இஹ்யாவில் குழந்தை வளர்ப்பைப் பற்றிய பகுதியில், மக்தபில் குர்ஆனோடு நல்லோரின் கதைகளையும் கற்பிக்கச் சொல்கிறார்கள். நல்லோர்மீது அன்பு உள்ளத்தில் வேரூன்ற வேண்டும் என்பது நோக்கம். மக்தப் விட்டு வந்தபின், களைப்பு நீங்கும்படி நல்ல விளையாட்டு விளையாட விடவேண்டும். ஆனால் அந்த விளையாட்டே களைப்பைத் தந்துவிடக் கூடாது. விளையாட்டைத் தடுத்து ஓயாது படிப்பில் அழுத்தினால் உள்ளம் செத்துவிடும், கூர்மை மழுங்கும், வாழ்வு கசக்கும். இறுதியில் படிப்பிலிருந்தே தப்பிக்கப் பிள்ளை தந்திரம் தேடும் என்று எச்சரிக்கிறார்கள். பள்ளிக்கூடம், மத்ரஸா, டியூஷன் என்று இஷாவரை பிள்ளைகளை ஓட்டும் நமக்கு இவ்வரிகள் சற்று உறுத்தத்தான் செய்யும். கஸ்ஸாலியின் பெயரை மேடைதோறும் சொல்கிறோம். இப்பகுதியை மட்டும் யாரும் எடுத்து வாசிப்பதில்லை.

தமிழ் முஸ்லிம்கள் கதையை ஒதுக்கியவர்கள் அல்லர். இன்று முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படும் ஆயிரம் மசலா, மார்க்க போதனையை உரையாடலாகவே தருகிறது. வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் இயற்றிய இந்நூலில், யூத அறிஞரான அப்துல்லாஹ் இப்னு ஸலாம் வினாக்களைத் தொடுக்க, நபியவர்கள் விடையளிக்கிறார்கள். அரபியிலிருந்து கிளம்பிய இதே கதை மலாயிலும் ஜாவானிய மொழியிலும் உருப்பெற்றது. பின்னர் வந்த நூறு மசலாவில் வினாத் தொடுப்பவள் ஓர் இளவரசி. கிஸ்ஸா, நாமா, படைப்போர் என்று தமிழில் முன்பு இல்லாத இலக்கிய வகைகளே இவ்வழியில் தோன்றின. மசலாவின் அமைப்பில் ஒரு விளையாட்டு ஒளிந்திருக்கிறது: வினா ஒலித்து விடை வருவதற்குள், கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் மனமும் ஒரு விடையைத் தேடிப் பார்த்துவிடுகிறது.