பேதகமும் காவலும்: 18ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கிறித்தவ மறுப்பு நூல்கள் பற்றிய ஒரு நோக்கு

தமிழ் உரைநடையின் வளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் கிறித்தவக் குருமாரின் பங்களிப்பைக் குறிப்பிடாது விடுவதில்லை. எனினும், அப்பங்களிப்பின் கணிசமான பகுதி அவர்களுக்குள்ளேயே நிகழ்ந்த பூசலின் விளைவு என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் ஒருவரையொருவர் பொய்ப்போதகர் எனச் சாடி எழுதிய மறுப்பு நூல்களைச் சமயவாதிகள் தத்தம் சபையின் வெற்றிச் சின்னங்களாகப் போற்றுவர். இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் அவற்றைச் சுவையற்ற சண்டை நூல்கள் என ஒதுக்குவர். இவ்விரு நிலைகளும் வரலாற்று நோக்குடையன அல்ல. பொய்ப்போதனையிலிருந்து விசுவாசிகளைக் காத்தல் என்னும் பணியைத் திருச்சபை எவ்வழிகளில் நிறைவேற்றியது, அவ்வழிகளுக்கும் அக்கால அரசியல் அதிகாரத்துக்கும் இடையிலான உறவு யாது, அப்பணி தமிழ்மொழிக்கு என்ன செய்தது என்பனவே நாம் எழுப்ப வேண்டிய வினாக்கள்.

பிழைப்போதனையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லின் கிரேக்க மூலம் முதலில் 'தெரிவு' என்ற பொருளையே கொண்டிருந்தது. தெரிவு குற்றமாக மாறுவது, எது சரியான தெரிவு என்று விதிக்கும் அதிகாரம் ஒன்று நிலைபெற்ற பின்னரேயாகும். இலியோன் நகரின் ஆயரான இரேனியு, ஏறத்தாழ கி.பி. 180இல் ஞானவாதிகளை மறுத்து ஐந்து பாகங்களில் நூல் எழுதினார். அப்பொழுது திருச்சபை உரோமப் பேரரசின் அடக்குமுறைக்கு உட்பட்டிருந்த சிறுபான்மை இயக்கம். வாதமும், அப்போஸ்தலரிடமிருந்து வழிவழி வந்த ஆயர் மரபு என்ற உரிமைக் கோரிக்கையுமே அவர் கையிலிருந்த ஆயுதங்கள். 325இல் நைசியாச் சங்கத்தைக் கூட்டியவன் பேரரசன் கொன்ஸ்தந்தீன். 380ஆம் ஆண்டின் அரச ஆணை நைசிய விசுவாசத்தைப் பேரரசின் சமயமாக்கியது. அதன் பின்னர், மறுப்புரை செய்துவந்த வேலையின் பெரும்பகுதியைச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

மத்தியகால ஐரோப்பாவின் சமயப் பேதங்கள் வர்க்க முரண்பாடுகளின் சமய வடிவங்களே என்பதை எங்கெல்ஸ், ஜேர்மன் விவசாயிகள் போர் பற்றி 1850இல் எழுதிய நூலில் எடுத்துக்காட்டினார். ஆனால் அச்சூத்திரத்தைத் தமிழ்ச் சூழலுக்கு அப்படியே பொருத்துதல் பொருந்தாது. இங்கு மோதிக்கொண்ட இரு தரப்புத் தலைவர்களும் அந்நியர். அவர்களின் வாதப் பொருள்களும் ஐரோப்பாவில் உருவானவை. எனவே, பேதகம் யாருடைய குரல் என்பதோடு, காவல் எக்கருவியால் செய்யப்பட்டது என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். அரச அதிகாரம் கைவசம் உள்ள இடத்தில் காவல் கட்டளையாகிறது. அது இல்லாத இடத்தில் காவல் வாதமாகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒரே நூற்றாண்டில் நிகழ்ந்தவை இதனை நன்கு விளக்குகின்றன.

சீகன்பால்கு, புளூட்சோ ஆகிய லுத்தரன் போதகர் இருவரும் 1706இல் தேனியரின் கோட்டையான தரங்கம்பாடிக்கு வந்தனர். சில ஆண்டுகளில் அங்கு அச்சுக்கூடம் அமைந்தது. 1714-1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது. மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபையினர்க்கு இது பெரும் சவாலாயிற்று. 16ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் நூல்களை அச்சிட்டிருந்த கத்தோலிக்கரிடம் இக்காலத்தில் அவ்வசதி இருக்கவில்லை. பிறசமய அரசர்களின் ஆட்சியில் வாழ்ந்த அவர்களுக்கு, லுத்தரன் நூல்களைத் தடைசெய்யும் வலிமையும் இல்லை. அந்நூல்கள் கோட்டை மதிலைக் கடந்து ஊர்களுக்குச் சென்றன. தஞ்சை அரசரின் படையில் சேவகம் செய்தவரும், ஒடுக்கப்பட்ட சாதியினருமான இராசநாயக்கன் என்ற கத்தோலிக்கர், அச்சிட்ட தமிழ்ச் சுவிசேடத்தைத் தாமே படித்து, 1720களின் பிற்பகுதியில் லுத்தரன் சபையைச் சேர்ந்தமை வரலாற்றில் பதிவாகியுள்ளது. குருவின் வாய்மொழியை நம்பி வாழ வேண்டியவர் எனக் கருதப்பட்ட ஒருவர் வாசகரானார் என்பதே இங்கு முக்கியமானது.

இச்சவாலுக்கு விடையிறுத்தவர் வீரமாமுனிவர். 'தேம்பாவணி'யைப் பாடிப் புலமை உலகின் மதிப்பைப் பெற்ற அவரே, 'வேதியர் ஒழுக்கம்' (1727), 'வேத விளக்கம்' (1728) ஆகிய உரைநடை நூல்களை எழுதினார். தரங்கம்பாடியினர் 'திருச்சபை பேதகம்' என்ற நூலை வெளியிட்டபோது 'பேதகம் மறுத்தல்' எழுதி விடையளித்தார். 'லுத்தேரினத்தியல்பு' என்பதும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. இவை எவருக்காக எழுதப்பட்டன என்பது மனங்கொள்ளத்தக்கது. பிராமணரைக் குறித்த 'வேதியர்' என்னும் சொல் இங்கு உபதேசியாரைக் குறிக்கிறது. குருவானவர் ஆண்டுக்கு ஓரிரு முறையே வரக்கூடிய ஊர்களில் செபம் சொல்லிக்கொடுத்து, பிணக்குத் தீர்த்து, எதிர்வாதம் செய்வோர்க்கு விடை கூற வேண்டியவர் அவரே. அவருக்குக் காப்பியம் பயன்படாது. கேள்வி எழுப்பி விடை கூறும், உவமையால் விளக்கும், எதிரியின் கூற்றை எடுத்துரைத்துப் பின் மறுக்கும் ஓர் உரைநடையே பயன்படும். தத்துவ போதகர் முதலியோர் முன்னரே உரைநடையைக் கையாண்டிருந்தனர் என்பது உண்மை. ஆயினும் எதிரியும் அதே வாசகருக்காக எழுதிக்கொண்டிருந்த நிலைமை, தெளிவை ஒரு போர்த்தேவையாக்கியது.

இங்கு ஒரு முரண்பாட்டையும் நாம் சுட்டுதல் வேண்டும். வீரமாமுனிவர் எதிரிகளின் கோட்பாட்டை மட்டுமன்றி, அவர்கள் மொழிபெயர்ப்பின் தமிழையும் எள்ளி நகையாடினார். அம்மொழிபெயர்ப்பில் குறைகள் மலிந்திருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் குறைகளுள் ஒரு பகுதி பேச்சு வழக்கின் சாயலேயாகும். பிழையான தமிழ் பிழையான வேதத்தின் அடையாளம் எனக் காட்டும்பொழுது, செந்தமிழ் என்னும் புலவர் மரபின் வேலியே விசுவாசத்தின் வேலியாகவும் ஆக்கப்படுகிறது. எளியோருக்காக எழுதிய ஒருவர், எளியோரின் மொழியை எதிரியின் குற்றமாகக் காட்டினார்.

இனி, அதே காலத்து இலங்கையை நோக்குவோம். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, அவ்வாண்டிலேயே கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரணதண்டனை எனக் கட்டளை பிறப்பித்தது. பொய்ப்போதனைக்கு எதிரான காவல் இங்கு வணிகக் கம்பனியின் அரசியல் தேவையோடு இணைந்திருந்தது. கத்தோலிக்கன் என்பவன் போர்த்துக்கேயரின் ஆதரவாளன் என்ற அச்சமே அதன் அடிப்படை. கோயிற்பற்றுத் தோறும் அமைந்த பாடசாலைகளில் சட்டம்பியார் வினாவிடையைக் கற்பித்தார். ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் தோம்பில் பதிந்தார். வராதோரிடம் தண்டம் அறவிடப்பட்டது. முதுசத்துக்கும் உத்தியோகத்துக்கும் இப்பதிவு வேண்டியிருந்தது. இவ்வாறு விசுவாசம் காணிப் பத்திரத்தோடு பிணைக்கப்பட்டது.

இக்கட்டளைக்கு எதிர்நின்ற கத்தோலிக்கம் என்ன செய்தது? கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேவாஸ் முனிவர் இரகசியமாக ஊர்தோறும் சென்று சபையை மீட்டமைத்தார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ், கண்டி மன்னனின் ஆதரவில் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் பல இயற்றினார். கல்வினியரின் போதனையை மறுப்பனவும் அவற்றுள் அடங்கும். அச்சுக்கூடம் கம்பனியிடம் இருந்தது. அவரிடம் இருந்தவர்கள் ஏடெழுதுவோர். ஒடுக்கப்பட்ட சபையே ஓயாது எழுதிற்று. ஒல்லாந்தத் திருச்சபையின் தமிழ்ப் போதகரான பிலிப்பு தெ மெல்லோ, 1753இல் 'சத்தியத்தின் செயம்' என்ற மறுப்பு நூலை இயற்ற நேர்ந்தமை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலக் கட்டளை தன் நோக்கத்தை எய்தவில்லை என்பதற்கு ஒரு சான்று எனலாம்.

விளைவையும் நோக்குக. 1796இல் ஒல்லாந்த ஆட்சி முடிவுற்றுச் சிறிது காலத்துள், பதிவேட்டில் இருந்த புரட்டஸ்தாந்தருட் பெரும்பாலோர் கலைந்து போயினர். வாதத்தாலும் இரகசிய வழிபாட்டாலும் காக்கப்பட்ட கத்தோலிக்கம் கரையோரங்களில் நிலைத்து நின்றது. கட்டளை உடலைக் கோயிலுக்குக் கொண்டுவந்தது. மனத்தை இணங்க வைக்கவில்லை. திருச்சபையின் வலிமை, அதன் அறிவாளருக்கும் எளியோருக்கும் இடையே பிளவு நேராமற் காப்பதிலேயே தங்கியிருந்தது என்று கிராம்சி கூறியது இங்கு நினைவுகூரத்தக்கது. உபதேசியாரும் உரைநடையும் அப்பிளவை மறைத்த கருவிகள். தோம்பு அதனை மறைக்கவில்லை.

எனினும் வாதத்தின் பாதையை நாம் இலட்சியமயமாக்கிவிடுதல் கூடாது. இரு தரப்பினரும் எளியோரை மந்தை என்றே கருதினர். சாதிப் பாகுபாட்டைப் பேதகம் என எவரும் விலக்கவில்லை. கோயிலினுள்ளேயே அது இடம் பெற்றது. படத்தை வணங்கலாமா என்பது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், உடன் வணங்குபவனை ஏன் தனியே நிறுத்துகிறோம் என்பது பற்றி அவ்வாறு எழுதினாரல்லர். எது பொய்ப்போதனை என்ற பட்டியலிலிருந்து எது விடுபட்டது என்பதே ஒரு சபையின் சமூக அடித்தளத்தைக் காட்டும் கண்ணாடியாகும்.

ஆனால் மறுப்பு நூலுக்கு அதன் ஆசிரியர் கருதாத ஒரு விளைவும் உண்டு. எதிரியின் கூற்றை எடுத்துரைத்து மறுக்கும் நூல், வாசகனை நடுவனாக அமர்த்திவிடுகிறது. இரு பக்கமும் கேட்டுத் தீர்ப்புக் கூறப் பழகியவனை மீண்டும் வெறுங் கேட்போனாக்குதல் எளிதன்று. யாழ்ப்பாணத்தில் பைபிள் மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டிருந்த ஆறுமுக நாவலர், அதே உரைநடையையும் அச்சையும் பிரசங்கத்தையும் கைக்கொண்டு 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' வெளியிட்டபோது, காவற்காரரின் ஆயுதம் காவலுக்கு எதிராகத் திரும்பியது. அவரும் மறுபுறத்தில் தமக்குரிய வேலி ஒன்றை அமைத்தார் என்பது வேறு கதை.

ஆகவே, இந்நூல்களை ஒரு சபையின் சொத்தாகவன்றி, தமிழ் வாசகன் உருவான வரலாற்றின் ஆவணங்களாக ஒப்பிட்டு ஆராய்தல் அவசியம். தன் உண்மையில் நம்பிக்கையுள்ள கோட்பாடு எதிர்வாதத்தைத் தன் மக்கள் முன் எடுத்துரைக்க அஞ்சுவதில்லை. அவ்வச்சம் தோன்றும்போதே அது கட்டளையை நாடுகிறது. இப்பாடம் திருச்சபைக்கு மட்டும் உரியதன்று. சரியான வழியைக் காப்பதாகக் கூறும் எல்லா இயக்கங்களுக்கும், நமது இயக்கங்கள் உட்பட, உரியதாகும்.