ஒளியின் கடைமடை

மதுரை மாவட்டத்துப் பெரியாற்றுப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இரண்டு எண்கள் பழக்கமானவை. பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள இருபோக நிலம் 45,041 ஏக்கர். கள்ளந்திரிக்கு அப்பால் மேலூர்ப் பகுதியில் உள்ள ஒருபோக நிலம் 85,563 ஏக்கர். கால்வாய் ஒன்றுதான். 1895ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பென்னிகுவிக்கின் அணையிலிருந்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீரும் ஒன்றுதான். ஆயினும் தலைமடையில் இருப்பவருக்கு இரண்டு போகம். கடைமடையில் இருப்பவருக்கு ஒரு போகம், அதுவும் அணையில் நீர் நின்றால். ஒரு வலையமைப்பை வரைகிறவர் தம் தாளில் இழுக்கும் கோடு, நூறாண்டுகளுக்குப் பிறகும் யார் வீட்டில் எத்தனை முறை நெல் அவியும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இதே மேலூருக்கு இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு வலையமைப்பு வந்து சேர்ந்தது. அதில் ஓடியது தண்ணீரன்று, ஒளி. அந்த ஒளிக்கும் தலைமடை, கடைமடை உண்டா என்பதே இக்கட்டுரையில் நாம் கேட்க விரும்பும் கேள்வி. அதற்கு முன் கண்ணாடியின் கதையைச் சற்றே பார்த்துவிடுவோம்.

பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்டு ஹாப்கின்சுடன் செய்த ஆய்வு 1954இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. மெல்லிய கண்ணாடி இழைகளின் கற்றை வழியே ஒரு படத்தை வளைத்து எடுத்துச் செல்ல முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். மருத்துவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது, தொலைபேசிக்காரர்களுக்குப் போதவில்லை. அன்றைய கண்ணாடியில் இருபது மீட்டர் போவதற்குள் ஒளி நூற்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். 1966இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் இந்தத் தேய்வுக்குக் காரணம் கண்ணாடியின் இயல்பன்று, அதில் கலந்துள்ள மாசுதான் என்று வாதிட்டனர். ஒரு கிலோமீட்டர் கடந்த பிறகும் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும் அளவுக்குக் கண்ணாடியைத் தூய்மைப்படுத்தினால் உலகைக் கண்ணாடியால் இணைத்துவிடலாம் என்பது அவர்கள் கணிப்பு. நான்கே ஆண்டுகளில், 1970இல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த எல்லையைத் தாண்டியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒளி பாதியாகக் குறையவே பதினைந்து கிலோமீட்டர் ஆகும் என்ற நிலை வந்தது. காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

கண்ணாடி தூய்மையான பின் எழுந்த கேள்வி வேறு வகையானது. இழையை எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போடுவது? பொருளியலாரும் கணித அறிஞர்களும் சந்திக்கும் இடம் இதுவே. இக்கேள்விக்கு ஒளியிழையைவிட மூத்த வரலாறு உண்டு. 1926இல் செக் நாட்டுக் கணித அறிஞர் ஓட்டகார் பொருவ்கா, மொராவியாவில் ஊர்களுக்கு மின்கம்பி இழுக்கும் சிக்கலிலிருந்து ஒரு தீர்வைக் கண்டார்: எல்லா ஊர்களையும் தொட்டுவிட வேண்டும், ஆனால் மொத்தக் கம்பியின் நீளம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். 1957இல் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் பிரிம் தொலைபேசிக்கு அதே கணக்கைப் போட்டார். விடை எப்போதும் ஒரு மரம் போலவே இருக்கும்: அடிமரம், கிளை, சுள்ளி. நம் வாய்க்கால்களின் வடிவமும் அதுவே.

மரத்தின் குறை எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு கிளையை வெட்டினால் அதன் நுனிவரை உள்ள இலைகள் அத்தனையும் வாடும். இதற்கு மாற்றான வடிவத்தைத் தேடி மதுரைக்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று ஒன்றையொன்று சூழ்ந்த வீதிகள் உள்ளன. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியின் ஒரு பக்கத்தைத் தேர் அடைத்து நின்றால், போக வேண்டியவர் மறுபக்கமாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்துவிடுவார். தூரம் கூடும், பயணம் நிற்காது. தொலைத்தொடர்புப் பொறியாளர்கள் வளையம் என்று குறிப்பது இதைத்தான். அதற்குக் கூடுதல் இழை வேண்டும், கூடுதல் பணம் வேண்டும். மரத்தில் மிச்சமாகும் பணம், ஓரிடத்தில் இழை அறுபடும் நாளில் நுனியிலுள்ள ஊரின் கணக்கில் பற்று எழுதப்படுகிறது.

1980களின் பிற்பகுதியில் ஒளியை மின்சாரமாக மாற்றாமலேயே பெருக்கும் எர்பியம் இழை உருவாயிற்று. பல நிற ஒளிகளை ஒரே இழையில் அனுப்புவது அதன்பின் கட்டுப்படியாகும் தொழிலாயிற்று. இழை ஒன்று, அலைநீளங்கள் பல; ஒவ்வொன்றும் தனி வழித்தடம். இங்கே ஒரு புதிய முடிச்சு விழுந்தது. இரண்டு செய்திகள் ஏதாவதோர் இடத்தில் ஒரே இழையைப் பகிர்ந்துகொண்டால் அவற்றின் நிறங்கள் வேறுபட வேண்டும். அதே நேரத்தில் ஒவ்வொரு செய்தியும் புறப்பட்ட நிறத்திலேயே போய்ச் சேரவும் வேண்டும். எந்தச் செய்திக்கு எந்த வழி, எந்த நிறம்? 1992இல் இம்ரிச் கிளாம்தாக்கும் அவர் தோழர்களும் இத்தகைய ஒளிப்பாதைகளை முறையாக வரையறுத்து, இச்சிக்கல் கணினிக்கும் எளிதில் வசப்படாத வகையைச் சேர்ந்தது என்று காட்டினர். ஊர்கள் பெருகப் பெருக, எல்லா வாய்ப்புகளையும் சோதித்துச் சிறந்ததைத் தேர்வது நடைமுறையில் இயலாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற இருவர் இந்த இடத்தில் வரலாற்றுக்குள் வருகிறார்கள். ராஜீவ் ராமசாமியும் குமார் சிவராஜனும் 1995இல் வெளியிட்ட கட்டுரை ஒரு வரம்பைக் கணக்கிட்டது: எவ்வளவு திறமையான முறையைக் கையாண்டாலும் ஒரு வலையமைப்பு இதற்குமேல் சுமக்காது என்ற உச்சவரம்பு. சிறந்த விடை தெரியாவிட்டாலும், கையிலுள்ள விடை அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று அதைக்கொண்டு அளந்துபார்க்க முடிந்தது. அடுத்த ஆண்டு அவர்கள் எழுதிய கட்டுரை நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. வலையமைப்பை வடிவமைக்கும்போது எதைக் குறைப்பது என்ற இடத்தில் அவர்கள் மொத்த நீளத்தை வைக்கவில்லை. மிக அதிகச் சுமை தாங்கும் பாதையின் சுமையை வைத்தார்கள். மொத்தத்தைப் பார்க்காமல் மிகவும் நெருக்கடியில் இருப்பதைப் பார்ப்பது என்ற இந்தத் தேர்வு கணிதத்துக்குள்ளிருந்து தானாக வருவதில்லை. கணக்கைப் போடுகிறவர் எடுக்கும் முடிவு அது. 1998இல் இருவரும் எழுதிய ஒளியிழை வலையமைப்பு நூல் உலகெங்கும் பாடநூலாயிற்று. சிவராஜன் 2000இல் பெங்களூரில் தேஜஸ் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார்.

இனி மேலூருக்குத் திரும்புவோம். அந்நாளில் தொலைபேசித் துறையின் கண்ணாடி இழை பெரும்பாலான வட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்டிருந்தது. அங்கிருந்து ஊர்களுக்குப் போகும் செம்புக்கம்பிதான் இல்லை, அல்லது இருந்தும் இல்லாததுபோல. சென்னை ஐ.ஐ.டி.யின் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய டெனெட் குழுவினரும் ஒரு கணக்குப் போட்டார்கள். வட்டத் தலைநகரில் ஒரு கோபுரம் நட்டு, தேவைப்பட்டால் இடையில் ஓர் அஞ்சல் நிலையமும் வைத்தால், 25 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள ஊர்களைக் கம்பியில்லாமல் எட்டிவிடலாம். அதற்காக அவர்கள் உருவாக்கிய கருவி கார்டெக்ட். இழை முடியும் இடத்தில் காற்று தொடங்கும். மிகச் செலவுபிடிக்கும் கடைசிப் பகுதியில் மண்ணைத் தோண்ட வேண்டாம். சிக்கனமான, அழகான வடிவமைப்பு.

2001 நவம்பரில் மேலூர் வட்டத்தில் 'சாரி' என்ற திட்டம் இதைச் செயலுக்குக் கொண்டுவந்தது. சென்னை ஐ.ஐ.டி.யோடு அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு நிறுவனங்களும் கைகோத்தன. என்-லோக் என்ற நிறுவனம் இணைப்பை நடத்தியது. எண்பதுக்குச் சற்றுக் குறைவான கணினி மையங்கள் கிராமங்களில் திறக்கப்பட்டன. சிலவற்றை ஊர்க்காரர்களே கடன் வாங்கி முதல் போட்டு நடத்தினர். சிலவற்றை மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை நடத்தியது. கண்நோயாளியின் கண்ணைப் படம்பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சான்றிதழுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் உரிய விண்ணப்பங்கள் மின்னஞ்சலில் வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சென்றன. ஒருநாள் கூலியை இழந்து பேருந்தேறி அலுவலக வாசலில் காத்துக்கிடந்தவர்களுக்கு இதன் பொருள் என்ன என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சில ஆண்டுகளிலேயே தனியார் நடத்திய மையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. திட்டத்தை ஆராய்ந்த மைக்கேல் பெஸ்டும் ராஜேந்திர குமாரும் எழுதியவற்றைப் படித்தால், கோபுரமோ இழையோ முதன்மைக் குற்றவாளி அல்ல என்று தெரிகிறது. முனைந்து நின்ற அதிகாரிகள் போனபின் அரசுச் சேவை தொடரவில்லை. சேவை நின்றதும் மையத்துக்கு வருவோரும் குறைந்தனர். கணினிப் பயிற்சி பெற்றவர் உரிமையாளராகவும், பயிற்சி பெற்ற தனி ஊழியர் பொறுப்பாளராகவும் இருந்த மையங்களே அதிக நாள் நீடித்தன. கண்மாயும் வரத்துக்காலும் மடையும் இருந்தும் மடையைத் திறக்க நீர்க்கட்டி இல்லையென்றால் வயல் நனையாது. நம் முன்னோர் நீர்க்கட்டிக்குக் களத்திலேயே நெல் அளந்ததை வழக்கம் என்று மட்டும் பார்க்கிறோம். அது வலையமைப்பின் வடிவமைப்பில் ஒரு பகுதியும்கூட. மேலூர்க் கணக்கில் கோபுரத்துக்கு இடமிருந்தது, நீர்க்கட்டியின் கூலிக்கு உறுதியான இடம் இருக்கவில்லை.

பத்தாண்டு கழித்து அரசு இழையையே ஊராட்சிகள் வரை நீட்ட முடிவுசெய்தது. 2011இல் ஒப்புதல் பெற்று, 2015இல் பாரத்நெட் எனப் பெயர் மாறிய அத்திட்டத்தின் இலக்கு நாடெங்கும் சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகள். அவற்றுள் தமிழ்நாட்டில் 12,525. ஏற்கெனவே பொதுத்துறை நிறுவனங்கள் புதைத்திருந்த இழையைப் பயன்படுத்தி, விடுபட்ட தூரத்துக்கு மட்டும் புதிதாகப் போடுவது என்பது வகுக்கப்பட்ட வழி. பொருவ்காவும் பிரிமும் தலையசைத்திருப்பார்கள்: குறைந்த இழை, மர வடிவம். ஆனால் சாலையை அகலப்படுத்துகிறவரும் குடிநீர்க் குழாய் பதிக்கிறவரும் தோண்டும் நாட்டில் மரம் நிலைக்கவில்லை. ஓரிடத்தில் இழை அறுந்தால் அதற்கப்பால் உள்ள ஊராட்சிகள் அனைத்தும் இருளும். இணைக்கப்பட்டதாகக் கணக்கில் ஏறியும் இணைப்பு இயங்காத ஊராட்சிகள் பெருகின.

2023 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாயில் திருத்திய திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதிலுள்ள முக்கியமான சொல் வளையம். ஊராட்சிகளை இனி வளைய வடிவில் இணைப்பது என்று தீர்மானமாயிற்று. பராமரிப்பும் திட்டத்துக்குள்ளேயே இடம்பெற்றது. மாசி வீதிக்காரர்கள் தேரோட்டத்தன்று கால்நடையாகக் கற்றுக்கொள்ளும் பாடத்தை ஒரு பெருந்திட்டம் பன்னிரண்டு ஆண்டுகளில் கற்றிருக்கிறது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. மரத்திலிருந்து வளையத்துக்கு மாறுவதென்பது, எதைக் குறைக்க வேண்டும் என்ற கேள்விக்கான விடையையே மாற்றி எழுதுவது. முன்பு குறைக்க வேண்டியது இழையின் நீளம். இப்போது குறைக்க வேண்டியது நுனியிலுள்ள ஊர் இருண்டுகிடக்கும் நேரம்.

ஒளியிழை வலையமைப்பைப் பற்றிய ஆய்வுகள் நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்களுக்கு அயலானவை என்று தோன்றலாம். சமன்பாடுகளை விலக்கிவிட்டுப் பார்த்தால் அவை கேட்பது பழைய கேள்விதான்: பங்கிடும்போது யாரை முதலில் நினைப்பது? 45,041க்கும் 85,563க்கும் நடுவே கள்ளந்திரியில் கோடு கிழித்தவர்களிடம் கையில் இருந்த தண்ணீருக்கு ஓர் அளவு இருந்தது; அந்தப் பாகுபாட்டுக்கு அது ஒரு காரணமாவது ஆகும். ஒளிக்கு அந்தச் சாக்கு இல்லை. கண்ணாடிக்குள் ஓடுவது தலைமடையில் எடுத்துக்கொண்டதால் தீர்ந்துபோவதில்லை. மேலூருக்கு அப்பால் ஒரு கண்மாய்க்கரைச் சிற்றூரில் இணைப்பு அறுந்து கிடக்குமானால், அது பற்றாக்குறையால் அறுந்ததன்று. எவரோ போட்ட கணக்கில் அவ்வூர் கடைசி வரியாக இருந்ததால் அறுந்தது.