ரசிகர்களா, ஆய்வாளர்களா? – ஒரு ராக் குழு பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த கதை

பிடித்த இசைக்குழுவைப் பற்றி எழுதச் சொன்னால் யாரும் பத்துப் பக்கம் எழுதித் தள்ளிவிடுவார்கள். அதையே ஆய்வுக் கட்டுரையாகக் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் நீட்டினால்? "இதெல்லாம் ஒரு தலைப்பா?" என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம் வந்துவிடும். ஆனால் அமெரிக்காவில் ஒரே ஒரு ராக் குழுவை வைத்து உளவியல், சமூகவியல், பொருளாதாரம், மேலாண்மை என்று பல துறைக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தக் குழுவின் பெயர் கிரேட்ஃபுல் டெட்.

யார் இவர்கள்?

1965ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் 'வார்லாக்ஸ்' என்ற பெயரில் தொடங்கிய குழு இது. அதே ஆண்டில் பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஜெர்ரி கார்சியா, பாப் வியர், ஃபில் லெஷ், பில் க்ரூட்ஸ்மன், 'பிக்பென்' என்று அழைக்கப்பட்ட ரான் மெக்கர்னன் ஆகிய ஐந்து பேர்தான் ஆரம்பம். 1995 ஆகஸ்ட் 9 அன்று கார்சியா இறக்கும்வரை, முப்பது ஆண்டுகளில் சுமார் 2,300 கச்சேரிகள் செய்தார்கள்.

இத்தனை ஆண்டுகளில் அமெரிக்க ஹிட் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் வந்த பாட்டு ஒன்றே ஒன்றுதான். அதுவும் 1987ல். அப்படியானால் ரசிகர்கள் ஏன் ஊர் ஊராகப் பின்னாலேயே போனார்கள்? காரணம், ஒரு நாள் வாசித்தது போல மறுநாள் வாசிக்க மாட்டார்கள். எந்தப் பாட்டு வரும், அது எவ்வளவு நேரம் நீளும் என்பது மேடை ஏறும்வரை யாருக்கும் தெரியாது. இந்த ரசிகர்களுக்கு 'டெட்ஹெட்ஸ்' என்று பெயர்.

வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயங்களும் உண்டு. 1971ல் வந்த இசைத்தட்டின் உறையில், ரசிகர்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்பும்படி ஒரு அறிவிப்பு போட்டார்கள். இன்றைய மொழியில் சொன்னால் வாடிக்கையாளர் பட்டியல்! 1980களில் தபால் மூலம் தாங்களே நேரடியாக டிக்கெட் விற்க ஆரம்பித்தார்கள். கச்சேரியை ரசிகர்கள் டேப்பில் பதிவு செய்வதைத் தடுக்கவில்லை. 1984ல் அதற்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கினார்கள். பதிவுகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம், காசுக்கு விற்கக் கூடாது. அவ்வளவுதான் விதி.

முதல் முயற்சி: கனவுக்குள் ஒரு படம்

இந்தக் குழுவை ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்த ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று வேடிக்கையானது. 1971 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் போர்ட் செஸ்டரில் உள்ள கேப்பிட்டல் தியேட்டரில் ஆறு கச்சேரிகள் நடந்தன. குழுவினருக்கு நண்பரான உளவியலாளர் ஸ்டான்லி க்ரிப்னர், கச்சேரியின்போது திரையில் ஒரு படத்தைக் காட்டச் செய்தார். புரூக்ளினில் உள்ள மருத்துவமனை ஒன்றில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் கனவுக்கு அந்தப் படத்தை மனதாலேயே அனுப்ப வேண்டும் என்று ரசிகர்களிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. 1973ல் இது கட்டுரையாகவும் வெளிவந்தது. ஆனால் மனதால் செய்தி அனுப்ப முடியும் என்பதை அறிவியல் உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயிரக்கணக்கான ரசிகர்கள் ஒரே நேரத்தில் விரும்புவதால் மட்டும் ஒன்று நிரூபணமாகிவிடாது அல்லவா?

வகுப்பறை சாலைக்கு வந்தது

1989ல் நிலைமை மாறியது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாகத்தில் சமூகவியல் கற்பித்த ரெபேக்கா ஆடம்ஸ், அந்தக் கோடையில் தன் மாணவர்களை இந்தக் குழுவின் சுற்றுப்பயணத்துக்கே அழைத்துச் சென்றார். கள ஆய்வு செய்வது எப்படி என்பதுதான் பாடம்!

ஆடம்ஸ் அதுவரை ஆராய்ந்து வந்தது முதியவர்களின் நட்பை. அவர் கேட்ட கேள்வி 'இந்தக் குழு ஏன் சிறந்தது?' என்பதல்ல. ஒரு சமூகம் என்றால் ஒரு ஊர், ஒரு தெரு என்று இடம் வேண்டும் என்பது பழைய எண்ணம். டெட்ஹெட்ஸோ நாடு முழுக்கச் சிதறிக் கிடப்பவர்கள். கச்சேரி நடக்கும் இடத்தில் கூடிப் பிறகு கலைந்துபோகிறவர்கள். நிலையான இடமே இல்லாமல் ஒரு சமூகம் நிலைத்திருக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு இசையே பிடிக்காத ஒருவர்கூடப் பதில் தேடலாம். பதில் 'முடியாது' என்றும் வரலாம். அதனால்தான் அது ஆய்வு ஆனது.

கேலி இல்லாமல் இல்லை. டெட்ஹெட் என்றாலே போதைப்பொருள், வேலைவெட்டி இல்லாதவர் என்ற முத்திரை இருந்தது. ஆடம்ஸ் அந்த முத்திரையையே ஆய்வுப் பொருளாக்கினார். நல்ல உத்தியோகத்தில் இருக்கும் ரசிகர்கள் இந்தப் பெயரைச் சுமப்பது எப்படி என்று எழுதினார். கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் டெட்ஹெட்டாக இருந்தால் குடும்பத்தில் வரும் சிக்கலைப் பற்றியும் ஒரு கட்டுரை உண்டு. ராபர்ட் சார்டியெல்லோவுடன் சேர்ந்து அவர் தொகுத்த ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பு 2000ல் வெளிவந்தது.

பொருளாதாரம் பேசியவர்கள்

குழுவுக்குப் பாடல்கள் எழுதியவர்களில் ஒருவரான ஜான் பெர்ரி பார்லோ, 1994ல் 'வயர்ட்' பத்திரிகையில் காப்புரிமையின் எதிர்காலம் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பொருள் அரிதாக இருந்தால் விலை ஏறும் என்பது பாடப்புத்தக விதி. பார்லோ இதைப் புரட்டிப் போட்டார். தகவலும் இசையும் பலருக்குத் தெரிந்தால்தான் மதிப்பு கூடும் என்றார். டேப்புகள் பரவப் பரவக் கச்சேரிக்குக் கூட்டமும் கூடியது என்பது அவர் காட்டிய சாட்சி. 1990களின் முற்பகுதியில் அமெரிக்காவில் அதிக வசூல் செய்த சுற்றுப்பயணங்களில் இவர்களுடையதும் ஒன்று.

2008 ஜூனில் பால் க்ரூக்மன், புத்தகங்களின் எதிர்காலம் பற்றி நியூயார்க் டைம்ஸ் பத்தியில் எழுதியபோது இதே குழுவை உதாரணம் காட்டினார். அந்த ஆண்டுதான் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. 2011ல் மேலாண்மைப் பேராசிரியர் பாரி பார்ன்ஸ், இந்தக் குழுவிடம் கற்ற வணிகப் பாடங்களை ஒரு புத்தகமாகவே எழுதினார்.

நெருடும் இடம்

இங்கேதான் ரசிக மனதுக்குச் சோதனை. "இலவசமாகக் கொடுத்தார்கள், அதனால் ஜெயித்தார்கள்" என்று எழுதி முடித்துவிட்டால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இவர்கள் எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுக்கவில்லை. குழுவின் சின்னத்தைப் போட்டு அனுமதியின்றி வியாபாரம் செய்தவர்களிடம் கறாராகவே இருந்தார்கள். இலவசமாகக் கொடுத்தும் காணாமல் போன குழுக்கள் எத்தனையோ. ஜெயித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு விதி எழுதினால் கணக்கு இடிக்கும்.

2005 நவம்பரில் இன்னொரு அடி விழுந்தது. இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைத்துவந்த கச்சேரிப் பதிவுகளைக் குழுவின் தரப்பு திடீரென நிறுத்தச் சொன்னது. ரசிகர்கள் கொதித்தார்கள். பார்லோவே வெளிப்படையாக எதிர்த்தார். தன்னைக் கேட்காமல் நடந்தது என்றார் ஃபில் லெஷ். சில நாட்களில் ஒரு சமரசம் வந்தது. ரசிகர்கள் பதிவு செய்தவற்றை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம்; மேடையின் ஒலிக் கருவியிலிருந்து நேரடியாக எடுத்த தரமான பதிவுகளைக் கேட்க மட்டும் செய்யலாம். நாடாவில் நகல் எடுத்து ஒவ்வொன்றாகப் பரவிய காலத்தில் சரிப்பட்ட தாராளம், ஒரே சொடுக்கில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் ஆட்டம் கண்டது.

ரசிகருக்கு இது கசப்பான செய்தி. ஆய்வாளருக்கோ இதுதான் பொக்கிஷம். இந்த ஒரு சம்பவத்தை மறைத்துவிட்டு எழுதினால் கட்டுரை புகழ்மாலை ஆகிவிடும். சேர்த்து எழுதினால், எது இலவசம், எது விற்பனைக்கு, அந்தக் கோட்டை யார் எப்போது போடுவது என்ற உண்மையான கேள்வி பிறக்கும்.

கடைசியில்...

2008ல் குழு தன் ஆவணங்களைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா க்ரூஸ் வளாகத்துக்குக் கொடுத்தது. ரசிகர்கள் அனுப்பிய கடிதங்களும், படம் வரைந்து அலங்கரித்த டிக்கெட் உறைகளும்கூட நூலகச் சேகரிப்பாகின. 'இதெல்லாம் ஒரு தலைப்பா?' என்ற கேள்விக்கு அதுவே ஒரு பதில்.

தலைப்பைத் தேர்ந்தெடுக்க ரசனை உதவும். நூறு கச்சேரி டேப்புகளைப் பொறுமையாகக் கேட்கவும் வைக்கும். அதன்பிறகு ஆடம்ஸ் செய்ததுபோல, பிடித்த குழுவுக்குப் பாதகமாகவும் பதில் வரக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். அந்தத் துணிச்சல் இருந்தால் எந்தப் பேராசிரியரிடமும் தயங்காமல் கட்டுரையை நீட்டலாம்.