கடைமடை வீட்டின் மூன்று பெட்டிகள்

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமானூரில் எங்கள் பழைய வீடு இருக்கிறது. கூடத்துச் சுவரில், தொலைபேசி வைப்பதற்கென்றே அப்பா கட்டிய மாடம் ஒன்று உண்டு. இன்று அதில் தொலைபேசி இல்லை. விளக்குகள் மினுக்கும் மூன்று பெட்டிகள் இருக்கின்றன. சென்ற பொங்கல் விடுமுறையில் அவற்றின்மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, இந்த மூணு பொட்டியில எதுல இன்டர்நெட்டு இருக்கு?"

தமிழ் இலக்கியம் பயிற்றுவிக்கும் எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. மோடம், ஸ்விட்ச், ரவுட்டர் என்று அவற்றின் பெயர்களைச் சொன்னேன். பெயர்கள் விடையாகா. யோசிக்கையில், மூன்று பெட்டிகளும் மூன்று வெவ்வேறு காலத்துத் தேவைகளிலிருந்து பிறந்து, வெவ்வேறு வழிகளில் நம் வீடுகளுக்கு வந்து ஒரே மாடத்தில் சேர்ந்தவை என்பது புலப்பட்டது. அந்த வரலாற்றை இலக்கிய வாசகர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை இறுதியில் சொல்கிறேன்.

முதலில் மோடம். இதற்குப் பண்பேற்றிறக்கி என்று தமிழில் பெயரிட்டிருக்கிறார்கள். சொல் சற்றுக் கரடுமுரடானது. ஆனால் பொருள் சரியானது. மனிதக் குரலுக்காக இழுத்த கம்பியில் கணினியின் எண்கள் நேரடியாகச் செல்ல இயலாது. எண்களை ஒலியாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் ஒலியை மீண்டும் எண்களாக மாற்ற வேண்டும். ஆகவே மோடம் என்பது இருபுறமும் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர். எங்கள் ஊருக்கு அருகில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனுக்குக் கொண்டுசென்றவர். ஐரோப்பியச் சமயக் கதையைத் தேம்பாவணியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அத்தகைய இருவழிப் பணியைத்தான் இப்பெட்டி இயந்திர கதியில் செய்கிறது.

1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் வெளியிட்ட பெல் 103 என்னும் மோடம் நொடிக்கு 300 பிட்டுகளை அனுப்பியது. அக்காலத்தில் தொலைபேசிக் கம்பியில் நிறுவனத்தின் கருவியைத் தவிர வேறொன்றையும் இணைக்க அங்கே அனுமதி இல்லை. 1968இல் வெளியான கார்ட்டர்ஃபோன் தீர்ப்பு அந்தத் தடையைத் தகர்த்தது. 1981இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடம், எண்ணைத் தானே சுழற்றி அழைக்கும் திறனோடு வீடுகளுக்குள் நுழைந்தது. 1998இல் வி.90 என்ற தரம் நொடிக்கு 56,000 பிட்டுகள் என்னும் உச்சத்தைத் தொட்டது. குரலுக்காக அமைந்த தொலைபேசி இணைப்பில் அதற்குமேல் செல்ல வழியில்லாமற் போயிற்று.

இந்தியாவில் 1986இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் தொடங்கப்பட்டபோது, அதில் இடம்பெற்ற கல்வி நிலையங்களுள் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கிற்று. எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர மேலும் சில ஆண்டுகள் ஆயின. அரியலூரின் 04329 என்ற குறியீட்டெண்ணுக்குள் அடங்கிய எங்கள் தொலைபேசியில் மோடம் கீச்சிட்டு, இரைந்து, பின் மௌனமாகும். அம்மௌனமே இணைப்புக் கிடைத்ததன் அடையாளம். ஒரு மெகாபைட் இறங்க ஏறத்தாழ நான்கு நிமிடங்கள். அதற்குள் அடுக்களையிலிருந்து யாரேனும் இணைத்தொலைபேசியை எடுத்து 'அலோ' என்றால் எல்லாம் அறுந்துவிடும். ஒரு கம்பி, ஒரு நேரத்தில் ஒரே பயன். இணையம் எங்கள் வீட்டில் இப்படியொரு பங்காளிச் சண்டையாகத்தான் அறிமுகமாயிற்று.

பங்கிடுதல் குறித்த பழைய நிகழ்வொன்றை இங்கே நினைவுகூர வேண்டும். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தொலைபேசிவழி இணைய இணைப்பு. அங்கே பெற்ற செய்திகளைத் தமிழாக்கி, வானொலி அலைகளின் வழியே சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். கடலலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையத் தளத்திலிருந்து எடுக்கப்பட்டு, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. ஓர் இணைப்பைப் பல ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலையை அங்கே மனிதர்களே செய்தனர். பின்னாளில் நம் மாடத்து ரவுட்டர் செய்யவிருந்ததும் அதே வேலைதான் எனலாம்.

2004 அக்டோபரில் வெளியான அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் என்பதை அகலப்பட்டைக்குக் குறைந்த அளவாக வகுத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அச்சேவையைத் தொடங்கியது. ஏ.டி.எஸ்.எல். எனப்படும் இம்முறையில் குரல் 4 கிலோஹெர்ட்சுக்குக் கீழும், தரவு அதற்கு வெகு மேலேயும், ஒரே செம்புக் கம்பியில் ஒன்றையொன்று தீண்டாமல் ஓடுகின்றன. சிறிய பிரிப்பான் ஒன்று இரண்டையும் வேறாக்கிக் கொடுத்தது. அடுக்களைச் சண்டை ஓய்ந்தது. அக்காலத் திட்டமொன்றில் பின்னிரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது என்பதால், முறைத் தண்ணீருக்கு நள்ளிரவில் மண்வெட்டியோடு வயலுக்குப் போகும் உழவரைப் போல நான் கடிகாரம் வைத்து எழுந்து, பழைய நூல்களின் ஒளிப்பட நகல்களை இறக்கியதுண்டு. ஆயினும் ஏ.டி.எஸ்.எல். என்பதன் முதலெழுத்துக்குச் சமச்சீரற்றது என்று பொருள். வீட்டுக்குள் வருவதற்கு அகன்ற வழியும், வீட்டிலிருந்து செல்வதற்குக் குறுகிய வழியும் அதில் இருந்தன. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அடுத்தது ஸ்விட்ச். ஓரிடத்திலுள்ள கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பது இதன் பணி. 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெட்டில், எல்லாக் கணினிகளும் ஒரே வடத்தில் தொங்கின. இருவர் ஒரே கணத்தில் பேசினால் இரண்டு பேச்சும் மோதிச் சிதையும். சற்றுப் பொறுத்து மீண்டும் பேச வேண்டும். பின்வந்த ஹப் என்னும் பெட்டியும், ஒருவர் சொன்னதை எல்லோருக்கும் கூவியதே தவிர மோதலைத் தீர்க்கவில்லை. 1990இல் வந்த ஈதர்ஸ்விட்ச் இன்னாருக்கு இன்ன துளை என்று நினைவில் வைத்து, உரியவரிடம் மட்டும் செய்தியைச் சேர்த்தது. அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் கல்பனா. நிறுவனர்களுள் ஒருவரான இந்திய வம்சாவளியினர் வினோத் பரத்வாஜ் தம் மனைவியின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1994இல் சிஸ்கோ அதனை வாங்கிற்று. வறண்ட மின்பெட்டி ஒன்றின் மூலத்தில் கற்பனை என்று பொருள்படும் ஒரு பெண்ணின் பெயர் இருப்பது இலக்கிய அன்பர்களுக்கு உவப்பளிக்கும்.

கவிதையும் இங்கு உண்டு. ஸ்விட்சுகளை வளையமாக இணைத்துவிட்டால் செய்தி முடிவின்றிச் சுற்றிச்சுற்றி வலையே முடங்கிவிடும். அதற்கு வழி கண்ட ரேடியா பெர்ல்மன், 1985இல் வெளியிட்ட ஆய்வுரையின் முகப்பில் அவ்வழிமுறையை ஒரு சிறு கவிதையாகவே எழுதி வைத்தார். வீட்டுக்கென விற்கும் மலிவான ஸ்விட்சுகள் பலவற்றில் இந்தப் பாதுகாப்பு இருப்பதில்லை. ஒரே வடத்தின் இரு முனைகளையும் ஒரே பெட்டியில் செருகிவிடலாகாது.

மூன்றாவதான ரவுட்டருக்குத் திசைவி என்ற அழகிய தமிழ்ச்சொல் உண்டு. ஸ்விட்ச் ஒரே வலைக்குள் அஞ்சல் பிரிப்பது. திசைவி ஒரு வலையிலிருந்து மற்றொரு வலைக்கு வழிகாட்டுவது. 1969இல் ஆர்ப்பாநெட்டின் ஒவ்வொரு முனையிலும் நின்ற ஐ.எம்.பி. என்னும் பெருங்கருவியே இதன் முன்னோடி. அது வீட்டு மாடத்தில் அடங்கும் பொருளாக வந்ததற்குக் காரணம் ஒரு பஞ்சம். இணைய முகவரிகளை 32 பிட்டுகளில் வகுத்தபோது மொத்தம் 429 கோடியே 49 லட்சம் எண்களே கிடைத்தன. உலகின் வீடுகளுக்கெல்லாம் அவை போதா என்பது தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1994இல் முன்வைக்கப்பட்ட முகவரி மாற்றும் முறையும், 1996இல் வகுக்கப்பட்ட தனிப்பயன் முகவரிகளும் இதற்குக் கைகொடுத்தன. நம் வீட்டுக் கருவிகளில் காணும் 192.168 என்று தொடங்கும் எண்கள் அவ்வகையின. வெளியுலகுக்கு வீடு முழுவதும் ஒரே முகவரி. உள்ளே யார் எதைக் கேட்டார் என்பதைத் திசைவி குறித்து வைத்துக்கொண்டு, விடை வந்ததும் உரியவரிடம் கொடுக்கும்.

இந்த வேலைப் பிரிவினையை அறியாததால் 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கத்தில் நான் பட்ட பாடு சொல்லத் தக்கது. முன்னறையில் என் கல்லூரி வகுப்பு, பின்கட்டில் தங்கை மகளின் பிளஸ் டூ வகுப்பு. பின்கட்டுக்கு வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கி, முதலாவதோடு வடத்தால் இணைத்தேன். இரண்டுமே தம்மை 192.168.1.1 என்று அறிவித்துக்கொண்டன. இரண்டுமே வந்த கருவிகளுக்கெல்லாம் முகவரி வழங்கத் தொடங்கின. ஓர் ஊருக்கு இரண்டு நாட்டாண்மை. மறுநாள் அவளுக்குத் தேர்வு. இணைப்பு வருவதும் போவதுமாக இருக்க, அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அலைவரிசை தேடி வெயிலில் சாலையோரம் போய் அமர்ந்து எழுதினாள். பிழை என்னுடையது. இரண்டாவதன் முகவரி வழங்கும் பணியை நிறுத்தி, அதன் எண்ணை 192.168.1.2 என மாற்றி, அதை வெறும் ஸ்விட்சாகவும் வைஃபை முனையாகவும் நடத்த வேண்டும் என்பதை ஒரு வாரம் கழித்தே அறிந்தேன். அந்தத் தேர்வு அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இனி, நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட காரணம். இம்மூன்று பெட்டிகளும் அரிதான ஒன்றை வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்ள வழி செய்தன. ஆயின் அந்த ஏற்பாட்டில் வீடு பெறுமிடமாகவே வைக்கப்பட்டது. உள்ளே வர அகன்ற வழி, வெளியே செல்லக் குறுகிய வழி, வெளியிலிருந்து எவரும் நேராக வந்து கதவைத் தட்ட முடியாத கடன் முகவரி. ஆகவே நாம் வீட்டிலிருந்து எழுதியவை நம் வீட்டில் இருக்கவில்லை. பிறர் வீட்டுத் திண்ணையில் இருந்தன. மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற குழுமங்களில் எத்தனை உரையாடல்கள்! அவற்றுக்கு இடம் கொடுத்த யாஹூ குழுமங்கள் சேவையோ 2019 டிசம்பரில் பழைய மடல்களை நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் முற்றிலும் மூடப்பட்டது. ஜியோசிட்டீஸ் 2009இலேயே போயிற்று. தனியார் எவரேனும் நகலெடுத்து வைத்தவை தவிர ஏனையவை இன்று இல்லை. செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்த உ.வே.சா.வின் வழிவந்தோர் என்று சொல்லிக்கொள்ளும் நாம், நம் காலத்து ஏட்டைக் கண்ணெதிரே போகவிட்டோம்.

இப்போது நிலைமை மாறக்கூடும். கண்ணாடி இழை வந்தபின் செல்லும் வழியும் அகன்றிருக்கிறது. 128 பிட் முகவரிகள் கொண்ட ஐ.பி. ஆறாம் பதிப்பில் ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி தர இடமுண்டு. அதனைப் பின்பற்றுவதில் இந்தியா உலகின் முன்வரிசையில் நிற்கிறது. காப்பரண் அமைத்துக்கொண்டால் வீட்டிலேயே ஒரு சிறு நூலகத்தை வைத்து உலகுக்குத் திறந்துவிட இயலும். அது கைகூடும் வரை, எழுதியதன் நகல் ஒன்றேனும் சொந்த வீட்டில் இருக்கட்டும்.

அம்மாவுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. "எதுலயும் இல்லம்மா. புள்ளம்பாடி வாய்க்கால் மாதிரி எங்கிருந்தோ வருது. முதல் பொட்டி மதகு, ரெண்டாவது எந்தத் தண்ணி எந்தப் பக்கம்னு பிரிக்கிற ஆளு, மூணாவது வயலுக்கு வயல் போற வாய்மடை" என்றேன். புள்ளம்பாடி வாய்க்கால் எங்கள் பக்கத்துச் சுக்கிரன் ஏரியில் முடிவது அவருக்குத் தெரியும். சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நாம கடைமடையா?"

ஆம் என்றேன். துணியை உதறிவிட்டு அவர் சொன்னார்: "கடைமடைக்காரன்தான்ப்பா ஏரியில தேக்கி வச்சுக்கணும்."