பூஞ்சிட்டு வண்டியும் புதிய சாரதியும்

கண்மாய் பெருகினால் நெல், பொய்த்தால் கம்பும் பருத்தியும் என்று வானத்தை நம்பியே வாழ்ந்த திருச்சுழி, அருப்புக்கோட்டைச் சீமையில், காளை ஏருக்கு மட்டுமே உரிய பிராணியாக ஒருகாலும் இருந்ததில்லை. இன்றைய விருதுநகரான விருதுபட்டிக்கு 1876-இலேயே இரயில் பாதை வந்துவிட்டபோதிலும் அருப்புக்கோட்டையை அது எட்டியது 1963-இல்தான்; ஆகையால் லாரிகள் பெருகும்வரை இப்பிரதேசத்துப் பருத்தி வியாபாரத்தின் பாரம் பெரும்பாலும் வண்டி மாடுகளின் கழுத்திலேயே இருந்தது. அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுபட்டி முதலிய ஊர்களில் நாடார் வணிகர்கள் மதில் எழுப்பி அமைத்த பேட்டைகள், வண்டியும் மாடும் சரக்கும் இரவில் அச்சமின்றித் தங்குவதற்கென்றே ஏற்பட்டவை. இத்தகைய நாட்டில் மாட்டுவண்டிப் பந்தயம் வேரூன்றியதில் வியப்பில்லை.

கொங்கு நாட்டார் 200, 300 மீட்டர் தூரத்தை ரேக்ளா வண்டியில் கடிகாரம் பிடித்து ஓட்டுவார்கள். பாண்டிச் சீமையிலோ, கோயில் திருவிழாவை ஒட்டித் தார்ச்சாலையில் பல மைல் சென்று எல்லையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். இதில் என் மனத்தைக் கவர்ந்த விசேஷம் வேகமன்று, வகுப்புப் பிரிவினை. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று காளைகளின் வளர்ச்சியை நோக்கி ஊருக்கு ஊர் சிறு பேதங்களுடன் பிரித்து, பெரியவற்றுக்கு நெடுந்தூரமும் சிறியவற்றுக்குக் குறுந்தூரமும் வகுத்திருக்கிறார்கள். பூஞ்சிட்டு என்பது இளங்கன்றுகளின் வகுப்பு. கூட்டத்தின் ஆரவாரம், முன்னும் பின்னும் உருளும் வண்டிகளின் ஓசை, துணைக் காளையின் நடை ஆகியவற்றைக் கன்று முதன்முதலாகக் கற்றுக்கொள்வது இங்கேதான். எல்லையில் திரும்புகையில் உட்பக்கத்து மாடு நிதானிக்க, வெளிப்பக்கத்து மாடு வீசி நடந்தாலன்றி வண்டி சாயும் என்ற பாடமும், சாரதி கயிற்றை வெடுக்கென இழுத்தால் எந்த மாடு மிரளும் என்ற பாடமும் இங்கேயே கிடைக்கின்றன. பெரிய மாட்டில் அதே பிழை நேர்ந்தால் அதன் வேகமே ஆபத்தாகிவிடும்.

இயந்திர உலகமும் இக்கிரமத்தையே கைக்கொண்டது. கோயம்புத்தூர்க் கரிவரதன் 1988-இல் மாருதி 800 காரின் எஞ்சினைப் பொருத்திச் சிறு பந்தயக் கார்களைச் செய்து ‘ஃபார்முலா மாருதி’ என்ற வகுப்பை உண்டாக்கினார். அதில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். திரைக்கு முன் அமர்ந்து ஓட்டும் பாவனைப் பந்தயத்திலும் அதுவே நியதி. 2008-இல் தொடங்கிய ஐரேசிங் என்ற கணினிப் பந்தயத்தில் புதிதாகச் சேர்ந்தவன் வலிமை குறைந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களில் பழகி, மோதலும் தடம் புரளலும் இன்றி ஓட்டிக் காட்டிய பின்னரே மேல்வகுப்பு உரிமம் பெறுகிறான். எஞ்சினின் பலம் சொற்பமாயிருப்பதனால், வளைவில் வீணாக்கிய வேகத்தை நேர்பாதையில் மீட்க முடியாமற் போய், அவனுடைய பிழை அவனுக்கே புலப்பட்டுவிடுகிறது. ஆனால் அங்கே கற்பவன் மனிதன் ஒருவனே. பூஞ்சிட்டு வண்டியிலோ இரண்டு கன்றுகளும் கூடவே கற்கின்றன. ஆதலின் நம்முடைய பள்ளியே கடினமானது என்பது என் அபிப்பிராயம்.

உச்ச நீதிமன்றம் 2014 மே 7-ஆம் தேதி ஜல்லிக்கட்டுடன் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தபோது, தேர்ந்த பெரிய மாடுகளுக்கு நேர்ந்த நஷ்டம் பலர் கண்ணிலும் பட்டது; கன்றுகளுக்கு நேர்ந்தது எவர் கண்ணிலும் படவில்லை. 2017 ஜனவரியில் தமிழகம் சட்டத்தைத் திருத்தியபின் பந்தயங்கள் மீண்டும் தொடங்கிய காலத்தில், தடை பிறந்த ஆண்டின் இளங்கன்றுகள் பழகும் பருவத்தையே கடந்துவிட்டிருந்தன. விலங்குகள் படும் வதையைக் குறித்து நீதிமன்றம் கவலையுற்றதை நான் குறை சொல்லேன். தார்க்குச்சியின் ஆணிக்கு அஞ்சி ஓடும் காளையை ஓட்டுவதில் சாமர்த்தியம் ஏதுமில்லை. விழாக் குழுவினர் அக்குச்சியை முதலில் விலக்க வேண்டிய இடம் பூஞ்சிட்டு வகுப்பு. கயிற்றுக்கும் குரலுக்கும் மட்டுமே பழகிய கன்று வளர்ந்து பெரிய மாட்டு வண்டியில் பூட்டப்படும்போது, அதை ஓட்டும் சாரதிக்கு ஆணி தேவைப்படாது.